அறுபத்தைந்தில் ஒன்று

எங்கள் வீட்டில் செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் ஒருவர்தான். அவரும் எங்கள் வீட்டில் பிறந்தவர் இல்லை. என் அண்ணி.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஒரு பக்கம் கடைகளும் மறுபக்கம் தாறுமாறாக நிறுத்திய கார்களுமாக நெரிகிற சந்தைத் தெருவில், பக்கக் கண்ணாடி எதிலும் உரசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார். பதினோரு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இனி மற்றவர்களைச் சொல்கிறேன். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். அவன் ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் முடித்து நான் கேட்டதில்லை. நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். உள்ளே நாய் குரைத்தால் போன மாத எண்ணோடு உத்தேசமாக ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் இருவருக்கும் மேலே அக்கா. பள்ளித் தலைமையாசிரியை. நாங்கள் எல்லோரும் இருந்த வீடு அவள் பெயரில் இருந்தது. அத்தான் வருடத்தில் பத்து மாதம் கப்பலில் இருப்பார். கொடுத்து வைத்தவர்.

அக்காவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: பாஸ், ஃபெயில். அண்ணியைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, "டிரைவரா? சரி, ஏதோ ஜஸ்ட் பாஸ்" என்று சொன்னவள். ஒன்பது வருடம் குழந்தை இல்லாதபோது அந்த மதிப்பெண்ணிலும் குறைத்துக்கொண்டே வந்தாள். அண்ணி முப்பத்தெட்டாவது வயதில் கருவுற்றபோது, தான் விடைத்தாளை மறுபடி திருத்தி ஐந்து மதிப்பெண் கூட்டிப் போட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

டிப்போவில் சொன்னதும் அண்ணியை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, பேருந்து நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்லும் வேலை. அண்ணிக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் நன்றாகச் செய்தார்.

பன்னிரண்டாவது வாரம் ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற சோதனை. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் கனத்தை ஸ்கேனில் அளப்பார்கள். குழந்தை கவிழ்ந்து படுத்துக்கொண்டு அளக்கவே விடவில்லையாம். அண்ணியை இருமச் சொல்லியிருக்கிறார்கள், பக்கவாட்டில் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள், வராந்தாவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறான். ஒருவழியாக அளந்து, கையில் ரத்தமும் எடுத்துக்கொண்டு, "ஒரு வாரத்துல ரிப்போர்ட் வரும், வந்ததும் கூப்பிடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த அழைப்பு அண்ணிக்கு வருவதற்கு முன்பே ரிப்போர்ட் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அக்காவின் பழைய மாணவி ஒருத்தி அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளைப் பிடித்து நகல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள் அக்கா. இன்னொருத்தியின் வயிற்றைப் பற்றிய காகிதத்தை அவள் பார்ப்பதற்கு முன்பே பிரித்துப் படிப்பது திருட்டு என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. மாணவர்களின் பையைச் சோதித்துச் சோதித்தே பழகிப்போன கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். காகிதத்தை நடுவில் வைத்து, அதன் மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்தாள், பறந்துவிடக் கூடாது என்பதைப் போல.

"பாசிட்டிவ்னு போட்டிருக்கு," என்றாள்.

அண்ணி காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "அறுபத்தஞ்சுல ஒண்ணுன்னும் போட்டிருக்குக்கா."

"அதான் சிவப்புல போட்டிருக்கே. ரிசல்ட் சிவப்புல வந்தா என்னன்னு எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம்."

"மீதி அறுபத்துநாலு?"

"மீதியப் பத்தி யாரு கேட்டா? அந்த ஒண்ணு நம்ம வீட்டுக்கு ஏன் வரணும்? வருஷக்கணக்கா இன்ஜின் மேல உக்காந்து குலுங்கினா இப்படித்தான்."

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் பேசிய பேச்சு இது. அறுபத்தைந்து பிள்ளைகளில் அறுபத்துநாலு பேர் தேறினால் பள்ளி வாசலில் பலகை வைத்துப் பெருமையடிக்கிறவள், வீட்டு மேசையில் அந்த ஒன்றை மட்டும் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜின் குலுங்கியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அண்ணி வந்து சொன்னபோது, அக்கா அந்த நர்ஸின் படிப்பைச் சந்தேகித்தாளே தவிரத் தன்னைச் சந்தேகிக்கவில்லை.

"என் ஸ்கூலுக்கு இந்த மாதிரி ஒண்ணக் கூட்டிட்டு வந்தாங்க," என்று அக்கா தொடர்ந்தாள். "மத்த பிள்ளைங்க படிப்புக் கெட்டுப்போயிடும்னு நான்தான் பக்குவமாச் சொல்லி அனுப்பினேன். அந்தம்மா கேட்லயே நின்னு அழுதா. அந்த மாதிரி நம்மளும் நிக்கணுமா? நாளைத் தள்ளாம முடிச்சிடறதுதான் எல்லாருக்கும் நல்லது."

அண்ணி புருஷனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். "அக்கா சொல்றதும் ஒரு வகையில..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். எந்த வகையில் என்று கடைசிவரை தெரியவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் நான் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்படி கூப்பிட்டார்கள். அண்ணன் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டிவிட்டதால் இருவரையும் நான் அழைத்துப் போனேன். ஒரு சிறிய அறை, மூன்று நாற்காலி, மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. நடுவயது நர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்றாள். "வீட்டுக்காரரோட தம்பி. இருக்கட்டும்," என்றார் அண்ணி.

நர்ஸ் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். "இந்த டெஸ்ட் குழந்தைக்கு இருக்கா இல்லையான்னு சொல்லாதுங்க. இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு வந்த இதே ரிசல்ட் வந்தவங்க அறுபத்தஞ்சு பேர் வெளியில உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. அதுல அறுபத்துநாலு பேரோட குழந்தைக்கு இது இருக்காது. ஒருத்தரோட குழந்தைக்கு இருக்கும். அது யாருன்னு இந்தக் காகிதத்துக்குத் தெரியாது."

"நின்னுட்டு வர்றவங்களோட சேத்து ஒரு பஸ்," என்றார் அண்ணி.

நர்ஸ் முதல் முறையாகச் சிரித்தாள். "ஆமா, ஒரு பஸ்."

பிறகு என்னென்ன வழி என்று விளக்கினாள். இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடலாம், அதுவும் ஒரு முடிவுதான். அல்லது இன்னொரு ரத்தப் பரிசோதனை. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்ப்பது. முன்னதைவிட மிக நம்பகமானது, ஆனால் அதுவும் கணிப்புதான், நிச்சயம் இல்லை. நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் பதினைந்து வாரம் முடிந்தபின் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் வயிற்றிலிருந்து கொஞ்சம் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது. அதில் கரு கலைய மிகச் சிறிய அபாயம் உண்டு. "இருநூறு பேர்ல ஒருத்தருக்கு, அதுக்கும் குறைவுன்னே சொல்றாங்க. ஆனா இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்."

"இருக்குன்னு வந்தா?" என்றார் அண்ணி.

"அப்பவும் அவசரமில்ல. இதயத்தத் தனியாப் பாப்போம். அந்த மாதிரிப் பிள்ளைங்கள வளக்கறவங்ககிட்ட உங்களப் பேச வைப்போம். பெத்துக்கிறதும் வேண்டாம்னு சொல்றதும் நீங்க எடுக்கற முடிவு. இந்த ஒரு காகிதத்த வெச்சுக்கிட்டு யாரும் எந்த முடிவுக்கும் போகக்கூடாது."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "இல்ல, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

நர்ஸ் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உங்க அக்காவா கர்ப்பமா இருக்காங்க?"

அந்தப் பெண்மணிக்கு மாலை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் முகத்தில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஊசியே போட்டுருங்க. பாதி தெரிஞ்சுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

ஊசிக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் என் குடும்பத்தை முழுதாகப் பார்த்தேன். அக்கா யாரிடமும் சொல்லவேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, எல்லோரிடமும் தானே சொன்னாள். சித்தி வந்தாள், பெரியம்மா மகள் வந்தாள், அக்காவின் பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போலக் கூடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தட்டில் வைத்த பிஸ்கட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றார்கள். அண்ணி வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒருத்தி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தளரவிடாதம்மா" என்பாள். "எதுக்கு?" என்று கேட்பார் அண்ணி. பிடித்த கையை விட்டுவிட்டு அவள் பிஸ்கட் தட்டுப் பக்கம் திரும்புவாள்.

அத்தான் குழந்தைக்கென்று ஒரு மரத்தொட்டில் அனுப்பியிருந்தார். ஒருநாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டு, "அதக் கொண்டுபோய் மாடி ஸ்டோர் ரூம்ல போடு. தினமும் கண்ணுல பட்டா அவளுக்குத்தான் கஷ்டம்," என்றாள். நான் எடுத்துக்கொண்டு படியேறினேன். அண்ணி கீழே நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒரு முப்பத்துநாலு வயது ஆண், காலி தொட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு, அக்கா சொன்னாள் என்று மாடியேறுகிறான். அக்காவையும் அண்ணனையும் நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்த நாட்களில் அண்ணியைத் தேடி வந்து ஒழுங்காகப் பேசியவள் ஒருத்திதான். அண்ணி ஓட்டிய காலை வண்டியில் தினமும் வருகிற பெண். இருபத்து மூன்று வயது. ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கிற வேலை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள் என்பதால் டிப்போவில் அவளுக்கு முன்சீட்டு என்று பெயர். சாது என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பிரேக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அண்ணியையே அதட்டுகிறவள்.

அண்ணிக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தபோது நானே அவளைப் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறை ஜன்னலில் கையூன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வண்டிக்கு வருவ?" என்றாள்.

"குழந்தை பொறந்தப்புறம்."

"புது டிரைவர் மோசம். ஸ்டாப்பத் தாண்டி நிறுத்தறான். நான் ஓடணும். எனக்கு லேட்டானா மேடம் திட்டுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீக்கிரம் பெத்துக்கோ," என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணி சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "தம்பி, உங்கக்கா பயப்படறது இவளப் பாத்துத்தான். இவ ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டதில்ல."

ஊசி போடும் நாளன்று அண்ணனுக்குக் கடையில் அவசரமாக ஒரு லென்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது. நகரத்தில் அன்று ஒருவருக்கும் கண் தெரியாமல் போய்விடும் என்பதைப் போல ஓடினான். நான்தான் அழைத்துப் போனேன். உள்ளே அண்ணி தனியாகப் போனார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, "ஊசி குத்தினது பெருசாத் தெரியல. நீர் எடுக்கும்போது அடிவயித்த இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த நர்ஸ் கையப் பிடிச்சுக்கிட்டா," என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளம் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் போன வாரம் முடிவு வந்துவிட்டது, குழந்தைக்கு இருக்கிறது, அவளும் புருஷனும் வேண்டாம் என்று தீர்மானித்துத் தேதி வாங்க வந்திருந்தார்கள். அண்ணி கேட்காமல் அவளே சொன்னாள். இரண்டு பேரும் அழுது ஓய்ந்த முகத்தோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அண்ணி அவளிடம் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர்கள்மேல் எனக்கு எந்த இளக்காரமும் வரவில்லை. அவர்கள் தெரிந்துகொண்டு, உட்கார்ந்து பேசி, தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தவர்கள்.

வண்டியை எங்கள் தெருப் பக்கம் திருப்பியபோது அண்ணி, "வீட்டுக்கு வேணாம் தம்பி. டிப்போ குவார்ட்டர்ஸுக்கு விடுங்க," என்றார்.

"குவார்ட்டர்ஸா?"

"தொட்டில் மாடிக்குப் போன அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். நேத்துத்தான் சாவி கிடைச்சுது."

நான் வண்டியைத் திருப்பினேன். அந்த ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு அறை, ஒரு சமையலறை, பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் ஓயாத ஜன்னல். நாலாவது நாள் அண்ணியின் துணிப்பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். அப்போதுதான் முதல்கட்ட முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அண்ணி நின்றபடியே கேட்டார். "சரிங்க... சரிங்க... முழு ரிப்போர்ட் எப்ப? சரிங்க." போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இல்லையாம்," என்றார்.

முழு ரிப்போர்ட்டும் இரண்டு வாரத்தில் அதையேதான் சொன்னது. ஆனால் அன்று தரையில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து வைத்தேன்.

"நிம்மதியா இருக்கு தம்பி," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அதுதான் அசிங்கமா இருக்கு. நாளைக்கு அந்தப் புள்ள ஜன்னல்ல வந்து நிப்பா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? உங்கக்காவ அவ்வளவு பேசிட்டு, நானும் அதத்தான் வேண்டிக்கிட்டிருந்திருக்கேன்."

எங்கள் வீட்டில் தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்ட ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

செய்தி தெரிந்த மறுநாளே அக்கா கிளம்பிவிட்டாள். பழக்கூடை, ஸ்டோர் ரூமிலிருந்து தூசி தட்டி எடுத்த தொட்டில், அதைத் தூக்க அண்ணன். வாசலில் நின்று, "எனக்கு அப்பவே தெரியும்டி, ஒண்ணும் இருக்காதுன்னு!" என்று கையை விரித்தாள். கொஞ்சமும் கூசவில்லை.

அண்ணி கதவைப் பாதிதான் திறந்திருந்தார். "இத்தன நாளா நீங்க பாத்துட்டிருந்தது ரிப்போர்ட்ட மட்டும்தான். அது ஆஸ்பத்திரியில இருக்குக்கா. அங்க போய்ப் பாருங்க."

கதவு மூடிக்கொண்டது. தொட்டிலைப் பிடித்தபடி அண்ணன் மூடிய கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஒரு வாரம் கழித்து அவன் ஒரு பையோடு தனியாக வந்தான். "படுக்க இடமிருக்கு. பேசறதுக்கு ஒண்ணுமில்ல," என்று அண்ணி உள்ளே விட்டார். குழந்தை பிறக்கும் வரை அப்படித்தான் இருந்தார்கள். பெண் குழந்தை. பிறந்த அன்று அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் போவதாகப் போன் செய்தபோது, அண்ணன்தான் எடுத்தான். "அக்கா, இன்னிக்கு வராதீங்க, நாங்க சொல்றப்ப வாங்க," என்றான். முழு வாக்கியம். முற்றுப்புள்ளியோடு. நான் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன், நம்பவில்லை. அண்ணியும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அவனோடு பேச ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. அண்ணி மறுபடி வண்டி ஓட்டுகிறார். அக்காவுக்கு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைப் பார்க்க அனுமதி. அவள் ஓய்வு பெற்றுவிட்டதால், தெருவில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் எதிர் வீட்டு மருமகள் அதே சோதனையின் காகிதத்தோடு பயந்துபோய் வந்திருந்தாள்.

"இதெல்லாம் வெறும் வாய்ப்புத்தாம்மா, பயப்படாத," என்று அக்கா அவள் முதுகைத் தடவினாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் வந்துச்சு. எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. நான் ஒருத்திதான் பக்கத்துலயே இருந்து தைரியம் சொன்னேன்."

நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய், அது பொய் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அவள் குரல் கேட்காதபடி மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.